இயக்குநர் சித்ரகலா

அவிநாசிபாளையம்
11.6.2006

அன்புள்ள உங்களுக்கு,

சித்ரா எழுதுகிறேன். நான் சுகம். சென்னையில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது, அதனால்தான் இது.

நீங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கக் கிளம்பியபோது, நம் நாடகக் குழு ஒரு மாதம்கூடத் தாங்காது என்றீர்கள். ஒன்றரை வருடமாகிறது. பகலில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் ஒத்திகை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ராமாயி அக்கா பாடுகிறார். நம் ஊர் மயிலாள் நடிக்கிறாள். நிட்டிங் மெஷின் ஓட்டும் ஒரிசாக்காரர் நிரஞ்சன் டோலக் வாசிக்கிறார். புது நாடகத்தின் பெயர் 'வாடகைக்கு வீடு'. பிழைக்க வந்த குடும்பம் ஒன்று திருப்பூரில் வீடு தேடி அலைகிற கதை.

சேதி என்னவென்றால், எல்லாச் சமூகத்துக் கலைக்குழுக்களுக்கும் அரசாங்கம் உதவித்தொகை தருகிறதாம். விண்ணப்பம் போட்டுவிட்டேன். இயக்குநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஆகஸ்டில் அதிகாரிகள் நேரில் வந்து நாடகம் பார்ப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. நாசரேத்திலிருந்து அத்தை, மகனுக்கும் மருமகளுக்குமாகக் கருப்பட்டி அனுப்பியிருந்தார்கள். உங்கள் பங்கையும் நானே தின்றேன்.

சித்ரகலா


சென்னை
24.6.2006

பாசமுள்ள சித்ராவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நல்ல சுகம். கல்யாணக் கச்சேரிகளுக்குக் குறைவில்லை. சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லை.

உன் சேதி பார்த்துச் சந்தோஷம். நீ கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதிகாரிகள் முன்னால் நின்று பேசுவது வேறு வேலை. நான் இசையில் டிப்ளமோ வாங்கியவன். இயக்குநர் இடத்தில் என் பெயரை மாற்றிக் கொடுத்துவிடு. பார்க்க வருகிற அன்று நானும் வந்து நிற்கிறேன்.

இன்னொன்று. எல்லாச் சமூகத்துக்கும் என்றால், ஒரு குழுவுக்கு ஒரு சமூகம் என்றுதான் அர்த்தம். நாலு ஊர் ஆட்களைக் கலந்து வைத்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? கொங்குக் கும்மி என்று ஒரே பெயரில் காட்டு. ராமாயி அக்காவும் நிரஞ்சனும் அன்று ஒருநாள் ஒதுங்கி இருக்கட்டும். இதெல்லாம் சென்னையில் நான் கண்ணால் பார்க்கிற விஷயம்.

யோசித்து எழுது.

உன்
ஜெபக்குமார்


அவிநாசிபாளையம்
21.8.2006

அன்புள்ள உங்களுக்கு,

யோசித்தேன். நீங்கள் சொன்ன இரண்டையும் செய்யவில்லை. பதில் போடாததும் அதனால்தான். நேற்று அதிகாரிகள் வந்து போனார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் கம்பெனியிலிருந்து ஆள் வந்து நிற்கிறது: மறுநாள் ஏற்றுமதிச் சரக்குக் கண்டெய்னர் போக வேண்டும், ஞாயிறானாலும் எல்லோரும் வேலைக்கு வரணும் என்று. குழுவில் முக்கால்வாசிப் பேர் அதே கம்பெனி. போகாவிட்டால் வேலை போய்விடும். மயிலாள் அழவே ஆரம்பித்துவிட்டாள். நான் நேரே முதலாளி ரத்தினசாமியிடம் போனேன்.

"ஏனுங்க, நாலு மணிக்கு டீக்கு விடறப்ப பேக்கிங் செக்‌ஷன்ல நாடகம் போட்டுக்கறமுங்க. சர்க்கார் ஆபீசருங்க பாக்க வர்றாங்க."

"சர்க்காரா? எந்த டிபார்ட்மெண்ட் கண்ணு?" என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"பயப்படாதீங்க, கலைக்கான ஆபீசருங்க."

"அப்பச் செரி" என்று உட்கார்ந்தார். "டீ நேரத்துக்கு மேல ஆகப்படாது."

அட்டைப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டினோம். வீட்டுக்காரம்மாவாக வந்த மயிலாள், "எந்த ஊருங்க? என்ன ஆளுங்க? கறி திம்பீங்களா?" என்று கேட்கக் கேட்க, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். வீடு கிடைக்காமல் ராமாயி அக்கா குழந்தையை மடியில் போட்டுத் தாலாட்டியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அப்போது நிரஞ்சன் டோலக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் ஊர்த் தாலாட்டை மெல்ல அவர் குரலோடு சேர்த்துப் பாடினார். ஒத்திகையில் அப்படி எதுவும் கிடையாது. டீ நேரம் தாண்டிவிட்டது. முதலாளி மணியடிக்கச் சொல்லவில்லை.

அதிகாரிகளில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். "ரொம்ப நல்லா இருந்தது. ஆனா இது எந்தச் சமூகத்தோட கலைன்னு நான் எழுதறது?"

நீங்கள் எழுதியது சட்டென்று ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னேன்: "திருப்பூர்ல வாடகைக்குக் குடியிருக்கற சனங்களோடதுன்னு எழுதிக்கங்க. அதுல நாங்க அத்தனை பேரும் வந்துருவமுங்க."

"அப்படி ஒரு தலைப்பு எங்ககிட்ட இல்லையேம்மா."

"அப்பப் புதுசா ஒண்ணு போட்டுக்கங்க."

அவர் சிரித்துவிட்டார். "இயக்குநர் யாரு?"

"நானுங்க" என்றேன்.

கிடைக்கும் என்றுதான் மனசு சொல்கிறது. கிடைக்காவிட்டாலும் அடுத்த ஞாயிறு மடத்துக்குளத்தில் நாடகம் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்ரகலா


சென்னை
2.11.2006

பாசமுள்ள சித்ராவுக்கு,

உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று நம் ஊர்ச் சர்ச் டேனியல் போனில் சொன்னான். உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். போகட்டும். கூட வாசிக்கிறவர்களிடமெல்லாம் என் மனைவி என்று சொல்லி இனிப்பு கொடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், இங்கே சலித்துவிட்டது. தினமும் அதே பாட்டு, யார் யார் கல்யாணமோ. நம் குழுவை ஆரம்பித்தது நாம் இரண்டு பேரும்தானே? நடிப்பை நீ பார்த்துக்கொள், மொத்த மேற்பார்வையை நான் எடுத்துக்கொள்கிறேன். பதினைந்தாம் தேதி கீபோர்டோடு வந்து இறங்குகிறேன். நிரஞ்சனிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. தாளத்தையெல்லாம் கீபோர்டே போட்டுவிடும்.

உன் கையால் ஒரு ரசம் சாப்பிட வேண்டும்.

உன்
ஜெபக்குமார்


அவிநாசிபாளையம்
9.11.2006

அன்புள்ள உங்களுக்கு,

இனிப்பு கொடுத்ததைப் படித்ததும் அழுகை வந்தது. நானே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு வருவீர்கள், எனக்காக வந்தீர்களா குழுவுக்காக வந்தீர்களா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும் என்று பயந்தேன்.

நிரஞ்சனிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர் இருப்பார். மேற்பார்வைக்கும் ஆள் வேண்டியதில்லை. கீபோர்டு சேர்க்கலாமா என்று மட்டும் ஒத்திகையில் எல்லோரிடமும் கேட்டேன். "அண்ணன் நல்லா வாசிப்பாருங்க, ஆனா எல்லாரையும் வெரட்டுவாருங்க" என்றாள் மயிலாள். என்னால் மறுக்க முடியவில்லை.

கோபப்படாதீர்கள். நாம் இரண்டு பேரும்தான் ஆரம்பித்தோம். எங்கே பேசினாலும் உங்கள் பெயரைச் சொல்லாமல் நான் பேசியதில்லை. ஆனால் விட்டுப் போகாமல் இதைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். இவர்களை ஒதுக்கிவிட்டு உங்களை உட்காரவைக்க மாட்டேன்.

குழுவில் சேர்வது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. வீட்டு விஷயத்தில் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. கீபோர்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பதினைந்தாம் தேதி வேண்டாம், வேலைநாள். பத்தொன்பது ஞாயிறு, உடுமலைப்பேட்டையில் சாயங்காலம் நாடகம். இத்தனை யோசனை சொன்ன நீங்கள் 'வாடகைக்கு வீடு' நாடகத்தை இன்னும் பார்க்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். முழுசாகப் பாருங்கள். நல்லா இருந்தால் கை தட்டுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள்.

முடிந்ததும் சாமான்களை வேனில் ஏற்ற வேண்டும். நீங்களும் ஒரு கை பிடித்து ஏத்திட்டு, எங்களோட ஊட்டுக்கு வாங்க.

உங்கள்
சித்ரா