இரண்டுமே இடது பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், ஆகையால் நலம்தான் என்று வைத்துக்கொள். நீயும் நலமாகவே இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறாய், போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, வைக்கட்டாம்மா என்ற மூன்று வாக்கியத்துக்கு மேல் உனக்கு நான்காவது வராது. அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு, இந்தக் கையெழுத்தைப் பார், கோழி கிளறியது போல இருந்தாலும் எழுதுவது என் வலது கைதான், கட்டுப் பிரித்து இரண்டரை மாதம் ஆகிறது.

கை எப்படி முறிந்தது என்று உனக்குப் பாதிதான் சொன்னேன். நானே துடைத்த தரையில் நானே வழுக்கினேன், உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், நான் விழுந்து முடித்த பிறகு, ஈரமா இருக்கு பாத்துன்னு சொன்னார். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அல்லவா, தப்பு நடந்து முடிந்த பிறகு ஏறித்தான் பழக்கம். கட்டுப் பிரித்ததும் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு தட்டில் பட்டாணியைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த தட்டில் போடுங்கம்மா என்றாள். முப்பத்தோரு வருஷம் பல் செட் செய்கிற லேபில் கடுகளவு பல்லை மெழுகில் நட்டவளுக்குப் பட்டாணி! அதையும் போட்டேன், எல்லாம் தரையில் உருண்டது, விரல் எனக்குச் சொந்தமில்லாதது போல நின்றது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். அதை அந்தப் பெண்ணிடமும் காட்டவில்லை, அப்பாவிடமும் காட்டவில்லை. லேபில் டாக்டர் வேறு, மூணு மாசம் ரெஸ்ட் எடுங்க, அவசரமே இல்லைன்னு ரொம்ப இனிப்பாகச் சொன்னார், அவ்வளவு இனிப்பாக ஒருவர் பேசினால் நம் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று என்று அர்த்தம்.

பட்டாணிக்குப் பதிலாக என் பழைய சின்ன அரங்களை எடுத்து ஏதாவது ராவிப் பார்க்கலாம் என்று பரணில் தேடச் சொன்னேன். அப்பா ஏறினார், முனகினார், இறங்கினார், கையில் அரப்பெட்டிக்குப் பதில் உன் டேங்க் பெட்டி. பதின்மூன்று வயதில் அடம் பிடித்து வாங்கினாயே, மூடியில் நெருப்பும் புகையுமாகப் படம் போட்ட பீரங்கி வண்டி, அதேதான். அப்பா தூசியைத் தட்டினார், தட்டும்போதே அந்த வாக்கியத்தையும் தட்டி எடுத்தார், உனக்கு மனப்பாடம்தானே, ஒரு பொம்மை வண்டியைக்கூட முடிக்கத் துப்பில்லாதவன். நீ கல்லூரியை இரண்டாம் வருஷம் விட்டபோது அதே வாக்கியம், அந்தக் கண்ணாடிக் கட்டிடத்து வேலையை விட்டபோது அதே வாக்கியம், கடைசியாக லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியை விட்டுச் சிநேகிதனோடு சொந்தமாகத் தொடங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோதும் அதே வாக்கியம். அன்று நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய், அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக அப்பாவோடு பேச்சில்லை. நானும் அந்த வாக்கியத்தைச் சொல்லாதவள் இல்லை, சில நாள் அப்பாவைவிடச் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

சரி, பட்டாணிக்கு இது தேவலை என்று பெட்டியைப் பிரித்தேன். அடடா, அடடா, என்ன வேலைடா அது. பசையால் ஒட்டினாயா அல்லது அபிஷேகம் செய்தாயா? வண்டியின் பக்கவாட்டில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. சுழல வேண்டிய சக்கரங்களை எல்லாம் சுழலாதபடி ஒட்டியிருக்கிறாய், மேல் மூடியையும் ஒட்டிவிட்டாய், உள்ளே இருக்கிற சிப்பாய் வெளியே வருவதா வேண்டாமா? வெளியே இருந்த ஒரே சிப்பாய்க்கு மூக்கு இல்லை, பசையில் கரைந்துவிட்டது. நான் இப்படி ஒரு பல் செட் செய்திருந்தால் போட்டவர் வாயைத் திறக்கவே முடியாமல் போயிருப்பார்.

மெல்லிய ரம்பத்தை வைத்து நீ ஒட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தேன். எழுத எளிதாக இருக்கிறது, முதல் வாரம் அறுத்தது பாதி, பறந்தது பாதி. இடுக்கியில் பிடித்த சக்கரம் தவளை போலத் துள்ளி ஃபிரிட்ஜுக்கு அடியில் போகும், உன் அப்பா டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்துத் தேடுவார், படுத்தபடியே, அம்பத்தெட்டு வயசுல யுத்தத்துக்குக் கிளம்பியிருக்கா மகராசி என்பார். தேடிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் சக்கரம் பறப்பது நின்றது. நான்காவது வாரம் விரல் என் பேச்சைக் கேட்டது.

நடுவில் பசை தீர்ந்தது, உன் பழைய குழாய் காய்ந்து கல்லாகியிருந்தது. கடைத்தெருவுக்குப் போனேன், பொம்மைக் கார், விமானம் எல்லாம் விற்கிற கடை, கடைக்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், தாடி மட்டும் நாற்பது. பேரனுக்காம்மா என்றார். எனக்குத்தான் என்றேன். உடனே முகத்தை இளக்கிக்கொண்டு, லேடீஸுக்கு இந்தக் குட்டி வீடு செட் நல்லா இருக்கும்மா, சோபாவெல்லாம் வரும் என்று எடுத்து நீட்டுகிறார். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற பசை எது, கரைக்காமல் மேலே மட்டும் பிடிக்கிற பசை எது, இரண்டையும் காட்டு என்றேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நானே அலமாரியில் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல் எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

எதை எங்கே ஒட்டுவது என்று பெட்டியோடு வந்த படத்தாளில் பதினோராவது படத்துக்கு வந்தேன். வண்டியின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பல் சக்கரம், சங்கிலியை இழுப்பது அதுதான், அந்தச் சக்கரம் உட்கார ஆளுக்கொரு மூடி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று வலது ஒன்று இடது, கண்ணாடியில் பார்ப்பது போல. இடது மூடி ஏற்கெனவே நீ பொருத்தியது, அதிசயமாக அதை மட்டும் சுத்தமாகவே ஒட்டியிருந்தாய், அதனால் அதை நான் அறுக்கவில்லை. வலதை எடுத்து வைத்தேன், உட்காரவில்லை. என் கைதான் சதி செய்கிறது என்று நினைத்து மறுபடி வைத்தேன். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதுவும் இடது. பெட்டியில் போட்டவன் இரண்டு இடது மூடியைப் போட்டுவிட்டான், வலதே இல்லை. அந்த மூடியின் ஓரமெல்லாம் கத்தித் தழும்பு, சீவிச் சீவிப் பொருத்தப் பார்த்திருக்கிறாய். மூடி உட்காராமல் பல் சக்கரம் இல்லை, பல் சக்கரம் இல்லாமல் சங்கிலி இல்லை, சங்கிலி இல்லாமல் டேங்க் எங்கே.

படத்தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் உன் எழுத்து, அப்போதே கோணல்தான். எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டும் இடது. வலது இல்ல. அம்மாகிட்ட காட்டினேன். திருப்பிப் போட்டுப் பாருன்னு சொன்னாங்க. திருப்பிப் போட்டாச்சு. வரல."

எனக்கு ஞாபகமே இல்லைடா. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், நீ வந்து நின்றது, கையில் காட்டியது, ஒன்றும் வரவில்லை. அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும், அல்லது லேபிலிருந்து வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேன், திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். மற்ற யார் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். வலது கோரைப்பல்லை இடது பக்கத்தில் நட்டால் எப்படித் திருப்பினாலும் வாய் கோணும் என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத் திட்டித் தீர்க்கிறவள் நான், என் பிள்ளையிடம் திருப்பிப் போட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்தோரு வருஷ அனுபவமாம், தூ.

அது சரி, நீ ஏன் ஒரு தடவையாவது வாயைத் திறக்கவில்லை? பத்தொன்பது வருஷம் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றாயே, இல்லப்பா, சாமானே தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிரும்? என்று கோபமாக எழுதிவிட்டு யோசிக்கிறேன், ஒரு தடவை சொல்லித்தானே இருக்கிறாய். கேட்டவள் சரியில்லை.

அப்பாவிடம் இரண்டு மூடியையும் தாளையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, கள்ள டிக்கெட்டைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்ன முத்து, கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கலாம்ல. பதின்மூன்று வயசுப் பிள்ளை கம்பெனிக்கு லெட்டர் போட வேண்டுமாம், பெற்றவள் கண்ணாலும் பார்க்க மாட்டாளாம், பெற்றவர் காதாலும் கேட்க மாட்டாராம். நான் வாயைத் திறந்த வேகத்தில் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறி லேபுக்குப் போனேன். என் நாற்காலியில் நினைத்தபடியே ஒரு புதுப்பெண், எழுந்திரும்மா என்றேன், எழுந்தாள். இடது மூடியைப் பார்த்துப் பார்த்து அதன் எதிர்ப்பக்கத்தை மெழுகில் செதுக்கினேன், அச்செடுத்து, பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே மாவை ஊற்றினேன். டாக்டர் எட்டிப் பார்த்து, இது எந்தப் பேஷண்டுக்கு என்றார். பத்தொன்பது வருஷமாகக் காத்திருக்கும் கேஸ், உங்களுக்குச் சம்பந்தமில்லை என்றேன். அவர் அதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திங்கட்கிழமையிலிருந்து வந்துடுங்க என்றார். அந்தப் பெண்ணுக்கு ஜன்னலோரம் வேறு மேஜை போட்டாயிற்று, அவளுக்கும் கை மோசமில்லை, ஆனால் அவளிடம் அதைச் சொல்லத் தேவையில்லை.

மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. ஈறு நிறம்தான், ரோஸ். பச்சை டேங்கில் ஓரத்தில் ஒரே ஒரு ரோஸ் மூடி, பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை, அடிக்கவும் விடமாட்டேன், அது என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா.

கேட்பதற்கு முதல் ஆளாக ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தார். அவருக்குத்தான் அடுத்தவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவ்வளவு பிரியமாயிற்றே. சாப்பிட உட்கார்ந்தவர் அலமாரி மேல் டேங்கைப் பார்த்துவிட்டு, அட, அவன் பாதியில விட்டதை அண்ணி முடிச்சிட்டாங்களா, பரவாயில்லையே, எதையாவது ஒண்ணை அவன் முடிச்சு நாம பாக்கப் போறோமான்னு சிரித்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லத் திரும்புவதற்குள் அப்பா பேசினார். அவன் பாதியில விடல, பெட்டியில சாமான் தப்பு, அவன் கண்டுபிடிச்சு அப்பவே எழுதி வச்சிருக்கான் என்றார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் சித்தப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சித்தப்பா படித்துவிட்டு, சரி விடுங்கண்ணே, பொம்மைதானே என்றார். பொம்மைன்னா பத்தொன்பது வருஷமா ஏன்டா பேசினோம் என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை அவர் சித்தப்பாவைத்தான் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா முதல் தடவையாக இரண்டாவது முறை சோறு கேட்காமல் எழுந்தார்.

இதைப் படித்துவிட்டு நீ தலையைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். கல்லூரியை விட்டதற்கும் பெட்டியில் குறை என்று சொல்லிவிடாதே, அது நீயே விட்டது, சோம்பேறித்தனத்தில் விட்டது, எனக்குத் தெரியும். உன் பசை வேலையும் மன்னிக்கக் கூடியதல்ல. ஆனால் டேங்க் விஷயத்தில் தப்பு என்னுடையது. உன்னைப் பார்க்காமல் பதில் சொன்னேன், அப்புறம் அந்தப் பதிலையே வைத்து உன்னை அடித்தோம். அப்பா உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார், அவர்கள் வம்சத்தில் அந்தப் பழக்கமே கிடையாது, நான் கேட்டுவிட்டேன், இருவருக்கும் சேர்த்து வைத்துக்கொள்.

டேங்கை முடித்துவிட்டேன், உனக்கென்று மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை, அதைப் பார்க்க வர வேண்டாம். சாப்பிட வா. வந்தால் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்திரு.

நீயும் உன் சிநேகிதனும் எந்த உயரத்தில் ஏறி நின்று வேலை செய்தாலும் பத்திரமாகக் கீழே இறங்கி வர வேண்டும், உன் தொழில் நிலைக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் கீழ்க் கடைவாய்ப்பல்லைக் காட்டி அடைத்துக்கொள், போனில் பேசும்போது நீ ஒரே பக்கமாக மெல்லுவது எனக்குக் கேட்கிறது. உறையை ஒட்டாமல்தான் அப்பாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன், ஒட்டத் தெரியாமல் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

உன் அம்மா மாட்டியதில் வலது பக்கச் சங்கிலியில் ஏழாவது கண்ணி தலைகீழாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. உங்கள் கம்பெனியில் இப்போது எத்தனை லிஃப்ட் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுது.
அப்பா