நாலாவது குழை

உயிலங்குளம்
4.6.2011

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கோ. மகள் இப்போதுதான் நித்திரையானாள். கட்டாருக்குப் போன் எடுத்தால் நேற்றிலிருந்து உங்கள் இலக்கம் வேலை செய்யுதில்லை.

நீங்கள் சொன்னபடி, சிங்கராசா மாமாவின் வான் வண்டியில் இன்று உங்கள் ஊர்க் காணியைப் பார்த்து வந்தோம். இந்த மாத முடிவுக்குள் பதியாவிட்டால் மீள்குடியேற்றப் பட்டியலில் நம் பெயர் வராதாம்.

காட்டு வீதி அழகுதான். பாலைப்பழம் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. மயில்கள் வானுக்கு விலகவே இல்லை. ஆனால் பதினெட்டு மைலுக்கு எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. இரு கரையிலும் மிதிவெடிச் சிவப்புப் பலகைகள்.

காடு தொடங்குமிடத்தில், பிள்ளையார் கல்லடியில் மாமா வானை நிறுத்தினார்.

"ஆளுக்கொரு பாலை இலைக்குழை முறிச்சுத் தொங்கவிடு பிள்ளை. படிச்ச ஆக்களையும் யானை மிதிக்கும்!"

அவருக்கு, எனக்கு, மகளுக்கு என்று மூன்று குழை தொங்கவிட்டோம். திரும்பி வரும்போது நாலு தொங்கியது. நாலாவதின் முறிவில் பால் வடிந்துகொண்டிருந்தது.

மாமா சிரிக்கவில்லை. "பாக்காதை, ஏறு" என்றார்.

காணியைப் பதியத்தான் வேண்டுமா?

உங்கள் லக்சி


20.6.2011

அன்பு லக்சி,

உன் கடிதம் கிடைத்தது. பயப்படாதே. காணியைப் பதி. மகளைக் கூட்டிக்கொண்டு கெதியாய் வா. இங்கே நல்ல நிழல்.

ஒரு குறைதான் எனக்கு. வரும் வழியில் மகள் பின்சீற்றுக்குப் பிஸ்கற் நீட்டினாளே, அதை நீ தட்டிவிட்டிருக்கக் கூடாது.

பார்த்தீபன்


உயிலங்குளம்
28.6.2011

அத்தான்,

பிஸ்கற்றைப் பற்றி நான் எழுதவே இல்லை. வெறும் சீற்றுக்கு நீட்டுகிறாளே என்ற பயத்தில் தட்டினேன். மாமாகூட அதைக் காணவில்லை.

எழுத்து உங்களுடையதுதான். ஆனால் கடிதத்தில் இடம் போடவில்லை. உறையில் முத்திரையில்லை, கதவிடுக்கில் கிடந்தது. அதை ஒட்டியிருந்ததும் பசையல்ல, பாலைப்பால்.

நேற்று உங்கள் அறைக்காரர் நுஃமான் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். "தங்கச்சி, பார்த்தீபன் மூண்டாம் திகதி வேலைக்குப் போனவன், இன்னும் அறைக்கு வரேல்லை. ஊருக்கு வந்திட்டானோ?" என்று கேட்டார்.

நாளை மறுநாள் கடைசி நாள். இதற்கு உங்கள் பதில் வராமல் நான் பதியமாட்டேன். மகளை அந்த வீதியால் கூட்டிவரவும் மாட்டேன். அவள் வாசற்படியில் ஒரு பிஸ்கற் வைத்திருக்கிறாள். இம்முறை நான் தட்டவில்லை.

இதை இரண்டாக எழுதியிருக்கிறேன். ஒன்று கட்டார் விலாசத்துக்கு. மற்றதைப் பிள்ளையார் கல்லடியில் வைக்கச் சொல்லி மாமாவிடம் கொடுக்கிறேன்.

எது கிடைத்தாலும் கெதியாய்ப் பதில் போடுங்கோ.

லக்சி