சுவரில் நீட்டிய கால்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். மழை வந்தால்தான் என் கடையில் தார்ப்பாய் விற்கும். வானத்தைப் பார்த்து இரண்டு முறை திட்டினேன். பத்து மணி வரை போணி இல்லை. பக்கத்து வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் சுவர் முன்னால் மட்டும் ஜே ஜே என்று கூட்டம்.

சுவரில் என் மகள் சுகன்யா போன மாதம் வரைந்த படம். லாரி கேபினில் ஒரு டிரைவர் தூங்குகிறார், இரண்டு கால்களும் ஜன்னலுக்கு வெளியே. ஆள் உயரப் பாதம். அந்த விரலைப் பிடித்து இழுப்பதுபோல் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சேலத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

அவர்களுடைய பைக்குகள் என் கடை முன்னால். லாரி நிற்க இடமில்லை. லாரி நிற்காமல் அதன் பாடிக்குத் தார்ப்பாய் அளவெடுப்பது எப்படி?

டீக்கடை ராசு: "மாமா, உங்க புள்ள கைக்குத் தங்கக் காப்புப் போடோணுங்க. பன்னு மத்தியானத்துக்குள்ள தீந்துபோச்சு." எனக்கு ஓசி டீ. குடிக்கும்போது பெருமை. குடித்து முடித்ததும் எரிச்சல்.

வாங்க வேண்டியவை: நைலான் கயிறு, கோணி ஊசி, கால் வெடிப்புக்குக் களிம்பு.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். கல்லூரிப் பெண் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். கலையால் ஊருக்கு என்ன வருமானம் என்று ஆராய்ச்சியாம்.

"படம் வந்ததுக்கப்புறம் யாவாரம் எவ்வளவு கூடியிருக்குதுங்க அங்கிள்?"

கட்டங்கள் மூன்று: கொஞ்சம், நிறைய, மிக அதிகம்.

"கொறஞ்சிருக்குதும்மா."

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

ராசுவுக்குக் கூடியதையும் எனக்குக் குறைந்ததையும் சேர்த்தால் ஊருக்கு லாபமா, நட்டமா? பத்தாவதில் கணக்குப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன் நான். விட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடி அதே யோசனை. ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தேன்.

ஜூன் 11, புதன்

சங்கச் செயலாளர் பொன்னுசாமி அண்ணன் ஒரு தாளோடு வந்தார். சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லிக் கடைக்காரர்கள் சங்கத்துக்குத் தரும் மனு. என் கடையைப்போலவே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் முன்னாலும் லாரி நிற்பதில்லை.

"மொதக் கையெழுத்து நீங்க போட்டுப்போடுங்க. பெத்தவரே போட்டுட்டாரேன்னு அப்பறம் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். வெள்ளிக்கெழம வாரேன்."

நியாயம்தான். இந்த மாதம் போனது இரண்டே தார்ப்பாய். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"போடுங்க. போட்டுட்டு ஊட்டுப்பக்கம் வராதீங்க."

"அப்ப போடலை."

"கடைய மூடிப்போட்டு ஊட்டுலயே உக்காந்துக்கலாம்னு பாக்கறீங்களா?"

தெளிவாகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

மேகம், காற்று, மழை மட்டும் இல்லை. சுகன்யாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தோசையைப் பார்த்துக்கொண்டே, "போட்டுடுங்கப்பா. வேற செவுரு கெடைக்காதா?" என்றாள். அரைத் தோசை தட்டிலேயே கிடந்தது. முழுதாகச் சாப்பிடுகிற பிள்ளை.

பேச்சை மாற்றக் கேட்டேன்: "அது யாரு காலு சாமி?"

"நெசமாவே தெரியலீங்களாப்பா? அந்த சுண்டுவெரலப் பாத்துமா?"

காலைக் கழுவிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அதே கோணல். அதே வெடிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலுக்கு வெளியே நீட்டித் தூங்குவேன், அதைப் பார்த்து வரைந்திருக்கிறாள். ஆக, ஒரு மாதமாக என் கடையை மறித்துக் கால் நீட்டிப் படுத்திருப்பது நான்தான்.

களிம்பு போடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தூறல். பொன்னுசாமி அண்ணன் வந்தார். தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

"ஏனுங்க?"

"அது எங்காலுங்கண்ணா."

என் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "ஜொரமுங்களா?" என்றார்.

மொபெட்டில் சாம்பிள் தார்ப்பாய் இரண்டு, அளவு டேப் ஒன்று. லாரி வராவிட்டால் லாரி ஸ்டாண்டுக்கு நான் போகிறேன். இப்படி யாவாரம் ஓடுமா, எத்தனை நாள் ஓடும், தெரியாது. வண்டியைத் திருப்பும்போது சுவரில் ஒரு சின்னக் குழந்தை சுண்டுவிரலை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தது. செருப்புக்குள் எனக்குக் கூசியது.