ஏழாவது கேள்விக்கான மதிப்பெண்

பத்து பாகாட்,
ஆகஸ்டு 18.

அன்புள்ள ஷர்மினிக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. உன் கணவர் ரூபேந்திரன், மகள் மலர், மாமனார் செல்லப்பன் மூவரும் சுகம். செல்லப்பனுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்துவிடுகிறது. எண்ணெய் தேய்க்கச் சொன்னால், காஹாங்கில் முப்பது வருஷம் செம்பனை லாரி ஓட்டிய கால், எண்ணெய்க்கெல்லாம் மசியாது என்கிறார். அயர்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டதா? எனக்குக் கற்பித்த கான்வென்ட் கன்னியரில் இருவர் அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆகஸ்டிலேயே கம்பளிச் சட்டை வேண்டும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வரும்போது காதை மூடிக்கொள்.

நீ மே மாதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நீயும், வாலிப வயதில் எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு வந்த ரூபேந்திரனும், ஒன்பது வயது மலரும் சேர்ந்து வாசிக்க எந்த வேதப் புத்தகம் வாங்கலாம் என்று. மூன்று மாதம் பதில் எழுதவில்லை. படித்துப் பார்க்காமல் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

நான்கு புத்தகங்களைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரை வரவழைத்தேன். ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் பழைய மொழிபெயர்ப்பின் ஓசைக்கு ஈடு கிடையாது. அதை இன்றும் சொல்வேன். ஆனால் ஐந்து பிள்ளைகள் கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்தது மிக எளிய தமிழ். கதையை உடனே சொன்னார்கள். ஆனால் அதில் சில இடங்களில் இரண்டு மூன்று வசனங்களைச் சேர்த்து ஒரே எண் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வீடுகளுக்கு அது சரிப்படாது. மலர் பாதியில் நிறுத்தி, “டீச்சர், என் வசனத்தைக் காணோம்” என்றாள். ஆங்கிலப் படப் புத்தகம் அழகானதுதான். ஆனால் செல்லப்பன் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க படிங்க, நான் படம் பாக்கறேன் லா” என்று சொல்லிவிட்டார். இந்துக் கோயிலுக்குப் போகிற மனிதர், வீட்டில் வேதம் வாசிக்கும்போது ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்து கேட்கிறார். அவர் படிக்க முடியாத புத்தகம் அந்த வீட்டுக்கு ஆகாது.

நான்காவது, இரு சபைக்காரர்களும் சேர்ந்து மொழிபெயர்த்தது. பழுதில்லாத நல்ல தமிழ். உங்கள் சபை ஏற்றுக்கொண்டு எங்கள் சபை ஏற்காத சில நூல்களும் அதில் உண்டு. அந்தப் பகுதியை நான் திறக்கவே இல்லை. நம்முடையது அல்ல என்று விட்டுவிட்டேன். அங்கேதான் வந்தது வினை.

ஜூலைக் கடைசியில் வேத வினாப் போட்டி. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் வினா எழுதுகிறேன், நான்தான் திருத்துகிறேன். ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றியதில்லை. ஏழாவது கேள்வி: வேதத்தில் பயணம் போனவரோடு சென்ற ஒரு விலங்கை எழுதுக. மற்ற எல்லாப் பிள்ளைகளும் கழுதை என்று எழுதினார்கள். மலர் மட்டும், நாய் என்று எழுதி, “கண்ணு தெரியாத அப்பாவுக்காக மகன் தூரமாப் போனாரு, நாயும் கூடப் போச்சு” என்று பக்கத்தில் குறித்திருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். ‘வேதத்தில் இல்லை. கதை கட்டக் கூடாது’ என்று எழுதினேன்.

அவள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா போன்ல வாசிச்சாங்க டீச்சர்” என்றாள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அப்படின்னா உங்கம்மா கதை விட்டிருப்பாங்க.” பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். மலர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. இங்கே மாலை ஏழு மணிக்கு, அங்கே உனக்கு நண்பகலில், இருவரும் போனில் சேர்ந்து வாசிப்பீர்களே, அந்த அழைப்பை அவள் எடுப்பதை நிறுத்தினாள். ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் வீட்டுப்பாடம். பதினோரு நாள் கழித்து ரூபேந்திரன் ஆலய வாசலில் என்னிடம், “அம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்லுது டீச்சர். ‘கிறிஸ்மஸுக்கு வரேன்னு சொன்னதும் பொய்யாத்தான் இருக்கும்’னு அழுவுது. இப்ப ஷர்மினியும் கூப்பிடறதில்ல” என்றான்.

அன்றே உன் வீட்டுக்குப் போனேன். நியாயம் என் பக்கம் என்ற நினைப்போடுதான் போனேன், அதையும் மறைக்கவில்லை. செல்லப்பன் நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், பிறகு, “நாய் போனது எனக்கே தெரியுமே டீச்சர். நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன். நீங்க பாத்த புத்தகத்துல இல்லன்னா எந்தப் புத்தகத்துலயும் இல்லன்னு ஆயிடுமா?” என்று கேட்டார். உன் அலமாரியிலிருந்து நீ கல்யாணத்துக்குக் கொண்டுவந்த புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். “என் மருமக பொய் சொல்ற ஆள் இல்ல. தேடுங்க” என்றார். சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

தேடினேன். நம்முடையது அல்ல என்று நான் திறக்காமல் விட்ட நூல்களில் ஒன்றில் இருந்தது. அந்த மகன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு வரி, திரும்பி வரும்போது ஒரு வரி. நாய் போகிறது, நாய் வருகிறது. கான்வென்டில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும் வேளையில் எங்களைத் தையல் அறைக்கு அனுப்புவார்கள். பதினோரு வகைத் தையல் கற்றுக்கொண்டேன், இந்த நாயைத் தெரியாமல் போயிற்று. என் கணவர் இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

போன ஞாயிறு அதே பிள்ளைகளுக்கு முன்னால் மலரை நிற்க வைத்து, உன் புத்தகத்திலிருந்து அந்தப் பகுதியை வாசிக்கச் சொன்னேன். சபை மூப்பர் தயானந்தன் எழுந்து, “அக்கா, அது நம்ம பைபிள்ல இல்லையே” என்றார். வேதத்தில் என்றுதான் கேட்டேன், யாருடைய வேதத்தில் என்று வினாத்தாளில் எழுதவில்லை, பிழை வினா எழுதியவளுடையது என்று பதில் சொன்னேன். “மலரின் அம்மா கதை விடவில்லை. டீச்சர்தான் படிக்காமல் பேசினேன்” என்றும் சொன்னேன். பிறகு மலரின் தாளை வாங்கி, சிவப்புப் பேனாவாலேயே என் வரியை அடித்து, பத்துக்குப் பத்து போட்டேன். மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன.

அவள் வாசித்ததை நீ கேட்டிருக்க வேண்டும், ஷர்மினி. ஒரு சொல் இடறவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள், எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டாள். இத்தனை வருஷத்தில் நான் சொல்லிக்கொடுத்து எந்தப் பிள்ளையும் அப்படி வாசித்ததில்லை. அது என் வளர்ப்பு இல்லை. கடல் தாண்டி இருந்துகொண்டு, வேலை முடிந்த களைப்போடு, தினமும் ஒரு பக்கம் வாசித்து நீ வளர்த்தது. ஊரில் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தயானந்தனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

ஆகவே என் முடிவு, நான்காவது புத்தகம். எல்லா நூல்களும் உள்ள முழுப் பதிப்பு. ஒரே அச்சில் இரண்டு வாங்கினேன். ஒன்று மலரிடம் இருக்கிறது, மற்றது இந்தப் பொதியில். பக்க எண் மாறாது, வசனம் காணாமல் போகாது. போனில் சொல்லிவிடலாமே என்றான் ரூபேந்திரன். எழுத்தில் செய்ததை எழுத்தில்தான் திருத்துவேன் என்று மறுத்துவிட்டேன். இதற்கு மூன்று தாள் கிழிந்தது.

இனி ஒன்றுதான் பாக்கி. மலர் ஞாயிறு முதல் ஏழு மணி ஆனால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளாகக் கூப்பிடப் பயம். “நான் அத்தன தடவ எடுக்கல, அம்மா இனிமே என்கூடப் பேச மாட்டாங்க” என்று என்னிடம் சொன்னாள். பேசுவார்கள் என்று சொன்னேன். என் பேச்சை அவள் முன்போல நம்புகிறாளா என்று தெரியவில்லை.

நீயே கூப்பிடு. என்மேல் கோபம் இருந்தால் எனக்குத் தனியாக எழுது. வைத்துக்கொள்கிறேன். பிள்ளையைக் காக்க வைக்காதே. கர்த்தர் உன்னையும் உன் கைகளின் வேலையையும் ஆசீர்வதித்து, சொன்னபடி கிறிஸ்மஸுக்கு வீடு சேர்ப்பாராக. இன்றைக்கே கூப்பிடு, மகளே.

கோமளா ஐயாத்துரை