பவளம் மிரண்ட பிறகு

9 ஜூன் 2025, திங்கள்

முனீர் செய்தது துரோகம். பெற்ற மகன் என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். பெருநாளுக்கு நான் இளையான்குடியில் மகள் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, எங்கள் குதிரை பவளத்தைக் கண்டனூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். குதிரையின் காலடியில் பத்தாயிரம் வாலாப் பட்டாசுச் சரத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். மிரண்டு ஓடி, கேட் கம்பியில் விலா கிழிந்து திரும்பியிருக்கிறது.

இனி ஊர்வலம் கிடையாது, பயந்துபோன பிள்ளைகளைப் பழகவிட்டுத் தேற்ற மட்டும்தான் பவளம் என்று அவன் அத்தா மவுத்தாகி அடக்கம் செய்தபோதே சொல்லிவிட்டேன். கேட்டால், “சும்மா நின்னு திங்கிற குதிரைதானம்மா. ஒருநா போனா தேஞ்சா போயிரும்?” என்கிறான்.

தேய்ந்துதான் போயிற்று.

10 ஜூன்

கிட்டப் போனால் காதை மடக்குகிறது. என்னையே கடிக்க வந்தது. ஆள் நின்றால் தண்ணீர் தொடுவதில்லை.

12 ஜூன்

விலாக் காயம் ஆறுகிறது. அதுவா கவலை?

சனிக்கிழமை நாகஜோதி வருவாள். ஒன்பது வயது. பட்டாசுக் கடைத் தீயில் அண்ணனைப் பறிகொடுத்தவள். அன்றோடு பேச்சும் நின்றுபோனது. இங்கே முதலில் வேலிக்கு வெளியே நின்றாள். பிறகு வாளியில் தண்ணீர் வைத்தாள். பிறகு பிடரி வாரினாள். போன மாதம்தான் பவளத்தின் காதில் என்னவோ சொன்னாள். வீட்டிலும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை வர ஆரம்பித்திருந்தது.

அவளிடம் என்ன சொல்வேன்? வெடி என்றா?

14 ஜூன், சனி

குதிரைக்குக் காய்ச்சல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று அவள் அம்மா பொன்னுத்தாயியிடம் வாசலிலேயே பொய் சொன்னேன். அதற்குள் பிள்ளை வேலிக்குப் போய்விட்டாள். தெருவில் எவனோ இரும்புக் கேட்டை அறைந்தான். பவளம் சுவரோடு ஒண்டி நடுங்கியது. அதைப் பார்த்து இவளும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதுகிட்டயா எம்புள்ளைய விட்டீக, பாயம்மா? நாந்தேன் கூறுகெட்டுப் போயி உங்கள நம்புனேன்.”

பொன்னுத்தாயி பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். யா அல்லாஹ், நான் என்னத்தச் செய்வேன் — குதிரைய முதல்லேருந்து பழக்குற வயசா எனக்கு? குனிஞ்சா நிமிர முடியல.

21 ஜூன், சனி

வரவில்லை.

25 ஜூன்

பந்தயக்காரர் ஒருவர் கேட்கிறாராம், விற்றுவிடலாம் என்கிறான் முனீர். “நீ வேணும்னா போ. அது இங்குட்டுத்தான் நிக்கும்” என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

28 ஜூன், சனி

பொன்னுத்தாயி வந்தாள். முகம் பார்த்துப் பேசவில்லை. “பவளம் தண்ணி குடிச்சுச்சா, தண்ணி குடிச்சுச்சான்னு ஒரே அரிப்பு. அதேன் கூட்டியாந்தேன்.”

நாகஜோதி வேலிக்கு வெளியே, முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் வாளியோடு உள்ளே போனேன். பவளம் பின்வாங்கியது. நானும் விடவில்லை.

“நீங்க போகாதீக.”

இதுவரை என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அதுக்குத் தோணுனா வரும்” என்றாள். நான் வேலிப் பக்கம் திரும்பி வந்ததும், வாளியை என் கையிலிருந்து வாங்கி உள்பக்கமாக வேலி ஓரம் வைத்தாள்.

பவளம் வரவில்லை. இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனார்கள்.

29 ஜூன்

இனி யாருக்கு என்ன வேலை என்று பேசி முடித்தோம்; முனீரும் தலையாட்டினான்.

சத்தம் வராமல் கேட்டுக்கு ரப்பர் அடிப்பது, முனீர். விற்கும் பேச்சை எடுக்காமல் இருப்பது, அவனே.

சனிக்கிழமைதோறும் பிள்ளையைக் கூட்டி வருவது, பொன்னுத்தாயி. அரை மனதாகத்தான் சரி என்றாள்.

வாளி வைப்பது, நாகஜோதி.

கிட்டப் போகாமல் இருப்பது, நான்.