லேசருக்கு வைத்த பொட்டு

அஞ்சுகிராமம்
விஜயதசமி கழிந்து எட்டாம் நாள்

என் செல்ல மகள் ஆதிராவுக்கு,

அம்மா பகவதி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அயர்லாந்துக் குளிரில் மூக்கு அடைக்காமல், டியூட்டி டியூட்டி என்று பட்டினி கிடக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு கொளுத்தும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மூன்று நாள் போன் எடுக்காததற்குத் தொண்டைக்கட்டு என்று சொன்னேன் அல்லவா, அது முழுப் பொய். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. நான் செய்த காரியத்தால் கம்பெனியில் சிஜினின் வேலை போயிற்று, நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே ஏச ஆரம்பிப்பாய், அதனால் எழுதுகிறேன், முழுக்க வாசித்துவிட்டு ஏசு.

எங்கள் தேங்காய்ப்பால் கம்பெனி டாங்கெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உனக்குத் தெரியும். கறையே பிடிக்காது என்று பெயர்தான், வெல்டிங் வைத்த இடமெல்லாம் பழுப்பு ஏறும், அதில் அழுக்குத் தங்கினால் பால் கெட்டுப்போகும். இத்தனை வருஷம் நானும் என் மேற்பார்வையில் உள்ள பெண்களும் ஆசிட் பசை போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு டாங்குக்கு இரண்டு நாள் படாத பாடு படுவோம், கையுறையையும் மீறி விரல் வெந்துபோகும். இந்த ஆவணியில் முதலாளி கோலப்பன் ஒரு லேசர் மெஷின் வாங்கிப் போட்டார். ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் தலைமுடி உலர்த்துகிற மெஷின் போல ஒரு கைப்பிடி. அந்த ஒளியைக் காட்டினால் படபடவென்று கறை மட்டும் புகையாகப் போகிறது, ஸ்டீலுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆசிட்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், அரை நாளில் டாங்கு பளபளவென்று நிற்கிறது! அதை இயக்கக் கோயம்புத்தூர் போய்ப் படித்து வந்தவன்தான் குழித்துறைக்காரன் சிஜின். முப்பது வயசு, அடக்கமான பிள்ளை, பெண்டாட்டி ஜாஸ்மிக்கு இது ஏழாம் மாதம். கறுப்புக் கண்ணாடி மாட்டாமல் ஒருத்தரையும் பக்கத்தில் விடமாட்டான், என்னையே இரண்டு தடவை விரட்டியிருக்கிறான்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற பொறுப்பு எப்போதும் எனக்குத்தானே. பாய்லர், துருவுகிற மெஷின், தராசு, முதலாளியின் கார் என்று ஒன்றையும் விடவில்லை, லேசர் பெட்டிக்கும் வைத்தேன். அதோடு போயிருக்கலாம் அல்லவா? கைப்பிடிக்கும் ஒரு முகம் உண்டே, அது மட்டும் மூளியாக இருப்பதா என்று தோன்றிவிட்டது. ரப்பர் மூடியைக் கழற்றினேன், உள்ளே கண்ணாடி தெரிந்தது, விரலை விட்டு நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், மூடியைப் பழையபடி மாட்டிவிட்டு அவல் பொரி வாங்கப் போய்விட்டேன். அந்தக் கண்ணாடியில் தூசி இருந்தாலே சூடு அங்கே நின்று வெடித்துவிடும் என்று எனக்கு எந்தச் சாமி வந்து சொல்லிற்று! லீவு முடிந்து சிஜின் மெஷினைப் போட்டான், டப் என்று ஒரு சத்தம். சந்தனம் கருகுகிற வாசனை எனக்குத் தெரியாதா, அந்த நிமிஷமே இது நான் வைத்த பொட்டுதான் என்று விளங்கிவிட்டது. முன் கண்ணாடியோடு உள்ளே இருந்த லென்சும் போயிற்று, புதுசு வர ஒரு மாதமாம். பால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் டாங்கைப் பார்க்க வருகிற வாரம் வேறு, முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். சிஜின் உடைந்த கண்ணாடியை உருவிப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், தப்பு எனக்க மேலதான் சார், பாக்காம போட்டுட்டேன் என்று மட்டும் சொன்னான். நாளைக்கு வரண்டாம்லே என்று முதலாளி அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

மூன்று நாள் மறைத்து வைத்திருந்து, கடைசியில் அடுப்படியில் மீன்கறி வைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பா எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் போதும். ஏட்டி, அந்தப் பயலுக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நீ இங்க இருந்து மீன்கறி வைக்கியா என்றார். மறுநாள் காலையில் எல்லாரும் வருகைப் பதிவுக்கு வரிசையில் நிற்கும்போதே முதலாளியிடம் போய், பொட்டு வச்சது நானாக்கும், சிஜினைக் கூப்பிடுங்க என்று சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து ஏசினார் பார், அரை மணி நேரம். மேற்பார்வையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் தேங்காய் உடைக்கிற பிரிவில் கிட என்றார். கிடக்கிறேன், நான் செய்ததற்கு அது அதிகம் ஒன்றும் இல்லை. சிஜினுக்கு அங்கேயே நின்று போன் போட்டார்.

இன்றைக்கு அவன் வேலைக்கு வந்தான். கேட்டருகே பிடித்து நிறுத்தி, ஏம்லே மக்கா, கண்ணாடியில சந்தனத்தப் பாத்தியே, எனக்க பேரச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். போடுறதுக்கு முன்ன மூடியத் தெறந்து பாக்க வேண்டியது எனக்க வேலை, அன்னைக்குப் பாக்கல்ல, அதும் உள்ளதுதான அக்கா என்றான். விடாமல் கேட்டேன். அதற்குச் சொல்கிறான், நீங்க பொட்டு வைக்கும்போ நான் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒயர் சுத்திட்டிருந்தேன், என்ன செய்தீங்கன்னு பாக்கல்ல, ஆனா நீங்க வேண்டினது கேட்டுது. தாயே, இதப் பிடிக்கிற பிள்ளைக்க கண்ணுக்கும் கைக்கும் ஒண்ணும் வராம காத்துக்கோன்னு சொன்னீங்க. எனக்காக அப்படி வேண்டினவங்கள நான் எப்படி அக்கா காட்டிக்கொடுக்க என்றான். நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன் மகளே. அவனுக்காக வேண்ட ஒரு நொடியில் திறந்த வாய், அவனுக்காக உண்மையைச் சொல்ல மூன்று நாள் எடுத்தது.

சரி, இனி நீ ஏசலாம். ஜாஸ்மிக்குக் கால் வீங்குகிறதாம், நீ பிரசவ வார்டு நர்ஸ்தானே, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளிடம் பேசு, நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த நாட்டில் இருந்தாலும் உனக்கு நல்ல மனுஷர்கள் பக்கத்தில் வாய்க்கட்டும், நீயும் நாலு பேருக்கு அப்படி இரு, தெய்வம் உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா பகவதி
(ஒரு மாதத்துக்குத் தேங்காய் உடைக்கிற பிரிவு)