பதினொரு பொதிகள் காத்திருக்கின்றன

மச்சான்,

இந்த மடிக்கணினி சூடேறும்போது வருகிற மணம் இன்னும் மாறவில்லை. தூசு கருகுகிற மணம். அதோடு, என்றைக்கோ நீ விசைப்பலகையில் ஊற்றிவிட்டு, "ஒண்டுமில்லை, காஞ்சிடும்" என்று துடைத்த தேத்தண்ணியின் மணமும் லேசாக வருகிறது. ஞாயிறு பின்னேரம் நாலு மணி. எங்களுக்குள் மூத்தவரான பெரியண்ணை பக்கத்து அறையில் போனில் மகளோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். குசினிக்குள் ரஞ்சன் போனில் மனைவியோடு சண்டை பிடிக்கிறான், வழமைபோல. இத்தாலியில், பலெர்மோவின் சீசாப் பகுதியில், இந்த வீட்டுக்குள் ஞாயிறு நாலு மணிக்கு எல்லா வாயும் ஊரோடுதான். நான் மட்டும் உன் கதிரையில் இருக்கிறேன். அம்மா போன ஆவணியில் போய்விட்டா. எனக்கும் இனி எடுக்க ஒரு நம்பர் இல்லை.

நீ குப்பையிலிருந்து மீட்ட சாமான் இது. நீ கூட்டித் துடைக்கிற கந்தோரில் பழைய ஃபைல்களோடு சேர்த்து எறிய வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி கொண்டுவந்தாய். வவுனியாவில் ஒரு வருடம் கொம்பியூட்டர் படித்தவன் அல்லவா, இரண்டு நாளில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றி உயிர் கொடுத்துவிட்டாய். படம் இல்லை, பாட்டு இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். "இதிலை என்னடா பாக்கிறாய்?" என்று கேட்டேன். உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மென்பொருள் பொதிகள் இருக்கின்றன, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு வரி கட்டளை தட்டினால் புதிதாக வந்ததெல்லாம் இறங்கும் என்றாய். எனக்கு அரைவாசி விளங்கவில்லை. ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் போனோடு குந்தியிருக்க, நீ இதைத் திறப்பாய். முதலில் கட்டளை. பிறகு, ஒவ்வொரு பொதியிலும் என்ன மாறியது என்று எழுதிவைத்திருக்கிற குறிப்பு. அதை ஒரு வரி விடாமல் வாசிப்பாய், அதுவும் எங்களுக்குக் கேட்கத் தமிழில். "ஏதோ ஒரு தீவிலை மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினவங்களாம், அதையும் திருத்தியிருக்கிறாங்கள்." ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் எழுதினவரின் பெயர், மின்னஞ்சல், நாள், நேரம் எல்லாம் இருக்கும். அதையும் விடமாட்டாய். "இந்தப் பெடியன் போன கிழமையும் எழுதினவன். நத்தார்ப் பெருநாள் அண்டும் வேலை செய்திருக்கிறான், பாவம். வீட்டிலை ஒருத்தரும் இல்லைப்போல." யாரென்றே தெரியாத அவனை நீ 'என்ரை பெடியன்' என்று சொல்லத் தொடங்கினாய்.

ஒருநாள் நக்கலாகக் கேட்டேன்: "என்ன மச்சான், கடிதம் வந்தமாதிரிச் சிரிக்கிறாய்?"

"கடிதம்தான். ஆரோ எழுதியிருக்கிறாங்கள், நான் வாசிக்கிறன்" என்றாய்.

நான் மடையன். அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு அம்மாவின் நம்பரைத் தட்டினேன். உன் ஆட்கள் எல்லாரும் யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில் வன்னியோடு போனது எனக்குத் தெரியாததா? நீ ஒரேயொரு தரம், அதுவும் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, சொன்னாய். தெரிந்தும் யோசிக்கவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். வீட்டில் இருந்தது ஒரே ஒரு வைஃபை. நாங்கள் கதைத்து முடியுமட்டும் நீ பொறுத்திருந்துதான் பெரிய பொதிகளை இறக்கத் தொடங்குவாய், இல்லாவிட்டால் எங்கள் அழைப்புகள் அறுந்துபோகும். பாவம், எத்தனை மணித்தியாலம் காத்திருக்கிறான் என்று எனக்கு ஒரு இரக்கம் வந்தது. எனக்கு அன்று நான் துடைக்கிற சிஞ்ஞோராவின் வீட்டில் அரைநாள் வேலைதான். பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்தவன், உன் கதிரையில் இருந்து, நீ தட்டுகிறதைப் பார்த்துப் பழகிய அதே கட்டளைகளைத் தட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் ஓம், ஓம். கடகடவென்று நூறு வரி ஓடி முடிந்தது. பெரிய உபகாரம் செய்த பெருமை எனக்கு!

அடுத்த நாள் நீ வேலையால் வந்து, சேர்ட்டை மாற்றி, தேத்தண்ணியோடு வந்து இருந்தாய். தட்டினாய். புதிது ஒன்றும் இல்லை, பூச்சியம் என்று திரை சொன்னது. திரும்பவும் தட்டினாய். நான் அம்மாவை லைனில் வைத்துக்கொண்டே கத்தினேன்: "நேற்றே எல்லாம் செய்திட்டன் மச்சான்! உனக்கு வேலை மிச்சம்!"

"ஓம். நல்லது" என்றாய்.

மூடியைச் சாத்தினாய். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவன், பொழுதுபட்ட பிறகுதான் வந்தாய். ஸ்தாசியோனே சென்ட்ராலே, அந்தப் பெரிய ரயில் நிலையம் வரைக்கும் நடந்ததாகச் சொன்னாய். தேத்தண்ணி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. அதை ஊற்றிக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு வந்த கடிதங்களை நான் பிரித்து, வாசிக்காமலே எறிந்திருக்கிறேன். குறிப்புகளைத் தேடி எடுத்து வாசிக்கலாம்தான். ஆனால் இன்றைக்கு வந்தது என்கிற அந்த ஒன்றை நான் பறித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மீன்குழம்பில் பெரிய துண்டை உன் சோற்றுக் கோப்பையில் போட்டேன். முள்ளை ஒதுக்கிச் சாப்பிட்டு முடித்தாய்.

சில மாதம் கழித்துப் பெரிய மாற்றமொன்று வந்தது. நீண்ட கட்டளை குறுகியது, மூன்றே எழுத்து. திரையின் அடியில் ஒரு கோடு. வேலை நடக்க நடக்க அது நிரம்பிக்கொண்டே போகும். நீ எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுக் காட்டினாய். "இவ்வளவு நாளும் எப்ப முடியும் எண்டு தெரியாமல் இருந்தனாங்கள். இப்ப எவ்வளவு மிச்சம் எண்டாவது தெரியுது." பிறகு என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு. "இன்னொண்டும் புதுசா வந்திருக்கு. என்னென்ன காத்திருக்குது எண்டு பட்டியலை மட்டும் பாக்கலாம். ஒண்டிலையும் கைவைக்கத் தேவையில்லை. உன்னைப்போல ஆக்களுக்கெண்டே செய்திருக்கிறாங்களடா."

எல்லாரும் சிரித்தோம். நீ என்னை மன்னித்த நாள் அது என்று எனக்குத் தெரியும். அப்போதாவது நான் வாய் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன மாரியில், நீ வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் பிறகு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் படிவத்தோடு வந்து, உறவுக்காரர் யார், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். யாராவது இருப்பார்களே என்றாள். பேனையைப் பிடித்தபடி நின்றாள். அந்தக் கட்டம் வெறுமையாகவே போனது மச்சான். ஒரு மனிசன் செத்ததை அறிவிக்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை! உன்னை எரித்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அழுகையைத் தந்தது.

அதற்குப் பிறகு இதை நான் திறக்கவேயில்லை. அம்மாவும் போன பிறகு வந்த ஒரு ஞாயிறில்தான், மற்றவர்கள் கதைக்கிற சத்தம் தாங்காமல் திறந்தேன். பட்டியலை மட்டும் கேட்டேன், நீ காட்டினபடி. திரை நிரம்பி வழிந்தது. ஒன்றின் குறிப்பை எடுத்து அடிவரை வாசித்தேன். உன்ரை பெடியன்! நீ போய்ப் பத்து நாளில் எழுதியிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அறிவிக்க ஒரு ஆள் இருந்திருக்கிறான்.

அவன் மின்னஞ்சலுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். பலெர்மோவில் கந்தோர் கூட்டித் துடைக்கிற ஒருவர், ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் குறிப்புகளைத் தமிழில் சத்தமாக வாசிப்பார். அவர் இறந்துவிட்டார். யாருக்காவது சொல்லவேண்டும் என்றிருந்தது. குறை நினைக்கவேண்டாம்.

ஒரு கிழமையாகப் பதில் இல்லை. விசரன் என்று நினைத்திருப்பான் என்று என்னையே ஏசிக்கொண்டேன். நேற்று வந்தது. இரண்டே வரி. 'அந்த வரிகளை ஒருவரும் வாசிப்பதில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவருக்கு என் நன்றியைச் சொல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.'

வழி எனக்கு இது ஒன்றுதான் தெரியும். சொல்லிவிட்டேன். என் மன்னிப்பையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொள், வெகுநாளாகக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

பழையதெல்லாம் போன ஞாயிறோடு வாசித்து, இறக்கியும் முடித்தாயிற்று. கோடும் நிரம்பியது. இண்டைக்குப் புதுசாப் பதினொண்டு வந்திருக்கு மச்சான். ஒண்டிலையும் கைவைக்கேல்லை. தேத்தண்ணியும் ஊத்தி வைச்சிருக்கிறன். முதலாவதை வாசிக்கிறன், கேள்.